ராணுவ நர்ஸ் அதிகாரி ஆவது எப்படி? எம்.என்.எஸ். பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிளஸ் டூ ரிசல்ட் வந்ததும் ஒரு அலை, நீட் ரிசல்ட் வந்ததும் இன்னொரு அலை, பி.எஸ்சி. இறுதியாண்டு முடிகிற நேரத்தில் மூன்றாவது அலை. நர்சிங் மாணவிகளோடு பழகுகிற எனக்கு இந்த மூன்று பருவத்திலும் போன் ஓயாது. கேட்கிறவர்கள் மாறுகிறார்கள், சந்தேகங்கள் மட்டும் அப்படியே இருக்கின்றன. அவற்றைக் கேட்டவர்களின் வார்த்தையிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன்.

முதலிலேயே ஒன்று. தேதி, கட்டணம், வயது வரம்பு எல்லாம் ஆண்டுக்கு ஆண்டு மாறக்கூடியவை. நான் எழுதியிருப்பதற்கும் நீங்கள் விண்ணப்பிக்கிற ஆண்டின் அறிவிப்புக்கும் முரண் வந்தால், அறிவிப்பில் இருப்பதுதான் சரி.

1. அக்கா, எம்.என்.எஸ்.னா என்ன? மிலிட்டரி ஆஸ்பத்திரியில நர்ஸ் வேலைதானே?

மிலிட்டரி நர்சிங் சர்வீஸ் என்பதன் சுருக்கம். செய்கிற வேலை நர்ஸ் வேலை, வகிக்கிற பதவி ராணுவ அதிகாரி பதவி. சேரும்போதே லெப்டினன்ட், தோளில் இரண்டு நட்சத்திரம். அங்கிருந்து கேப்டன், மேஜர் என்று ஏறி மேஜர் ஜெனரல் வரை போகலாம். 2023-ல் மேஜர் ஜெனரலாகப் பதவி உயர்ந்த இக்னேசியஸ் டெலோஸ் ஃப்ளோரா நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர்.

1888-ல் ராணுவ மருத்துவமனைகளின் நர்சிங் பணியை ஒழுங்குபடுத்த பிரிட்டனிலிருந்து பத்து நர்சுகள் பம்பாயில் வந்து இறங்கியதுதான் இதன் தொடக்கம். 1926 அக்டோபர் 1 அன்று இந்தியத் துருப்புகளுக்கென நிரந்தர நர்சிங் சேவை அமைந்தது, எம்.என்.எஸ். தன் நிறுவன நாளாகக் கொண்டாடுவதும் அந்தத் தேதியைத்தான். 1943-ல் வந்த அவசரச் சட்டம் இந்த நர்சுகளை கமிஷன் (அதாவது அதிகாரியாக நியமனம்) பெற்ற அதிகாரிகள் ஆக்கியது. அந்த 1943-ம் ஆண்டுச் சட்டத்தை மறந்துவிடாதீர்கள், 10-வது கேள்வியில் திரும்ப வரும்.

2. எங்க அண்ணன் ஆர்மியில நர்சிங் அசிஸ்டென்ட். அதுவும் இதுவும் ஒண்ணா?

இல்லை. நர்சிங் அசிஸ்டென்ட் சிப்பாய் நிலையில் சேர்கிற வேலை. பிளஸ் டூ அறிவியல் பாடத்தோடு ஆள்சேர்ப்பு முகாம் வழியாகப் போவது. எம்.என்.எஸ். அதிகாரி நிலை. ஒரே வார்டில் இருவரும் வேலை செய்வார்கள். சேர்க்கை முறை, பயிற்சி, சம்பளம், பதவி எல்லாமே வேறு. இணையத்தில் 'ஆர்மி நர்சிங்' என்று தேடினால் இரண்டும் கலந்தே வரும். அறிவிப்பில் எம்.என்.எஸ். என்று இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

3. எத்தனை வழி இருக்கு? எனக்கு எது பொருந்தும்?

இரண்டே வழி. முதலாவது, பிளஸ் டூ முடித்ததும் ராணுவத்தின் சொந்த நர்சிங் கல்லூரியில் நான்கு ஆண்டு பி.எஸ்சி. நர்சிங் படித்து, முடித்தவுடன் கமிஷன் பெறுவது. இரண்டாவது, வெளியே பி.எஸ்சி., போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. (டிப்ளமோ நர்சுகள் பட்டம் பெறப் படிப்பது) அல்லது எம்.எஸ்சி. நர்சிங் படித்துவிட்டு ஷார்ட் சர்வீஸ் கமிஷன், அதாவது குறிப்பிட்ட ஆண்டுகளுக்கான அதிகாரிப் பணி, அதற்கான தேர்வு எழுதி நேரடியாக லெப்டினன்ட் ஆவது.

எந்த வழி என்று தீர்மானிக்காமலே புத்தகம் வாங்க ஓடுகிறவர்கள் நிறைய. இரண்டுக்கும் தேர்வு வேறு, வயது வேறு, திருமண நிபந்தனைகூட வேறு. பிளஸ் டூ மாணவி என்றால் 4 முதல் 7 வரை படியுங்கள். நர்சிங் முடித்தவர் நேராக 8-க்குப் போகலாம்.

4. தமிழ்நாட்டுல நர்சிங்குக்கு நீட் கிடையாதே? இதுக்கு மட்டும் ஏன் எழுதணும்?

தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் பி.எஸ்சி. நர்சிங் சேர்க்கை பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்து நடப்பது உண்மைதான். ராணுவக் கல்லூரிகள் தங்களுக்கென்று தனி நுழைவுத் தேர்வு வைத்திருந்தன. அதைக் கைவிட்டு இப்போது நீட் மதிப்பெண்ணை வைத்துத்தான் வடிகட்டுகிறார்கள். 'நர்சிங்தானே, நீட் எதற்கு' என்று நீட் படிவமே போடாமல் விட்டுவிட்டு ஜூலையில் போன் செய்கிறவர்களுக்கு அந்த ஆண்டு நான் சொல்ல ஒன்றுமில்லை.

நீட் எழுதினால் மட்டும் போதாது என்பதுதான் பலருக்குத் தெரியாத விஷயம். நீட் ரிசல்ட் வந்தபின் ராணுவத்தின் 'ஜாயின் இந்தியன் ஆர்மி' இணையதளத்தில் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். அதற்குக் கொடுக்கிற அவகாசம் குறைவு. எம்.சி.சி. (மருத்துவக் கலந்தாய்வுக் குழு) நடத்துகிற கலந்தாய்வில் தானாகவே இந்த இடம் வரும் என்று காத்திருக்காதீர்கள், வராது.

5. நீட்ல எவ்வளவு மார்க் எடுத்தா கிடைக்கும்? மொத்தம் எத்தனை சீட்?

நாடு முழுவதற்கும் சேர்த்து 220 இடங்கள். புனே ராணுவ மருத்துவக் கல்லூரியை ஒட்டிய நர்சிங் கல்லூரி, மும்பை அஸ்வினி கடற்படை மருத்துவமனை, லக்னோ கமாண்ட் மருத்துவமனை, பெங்களூரு விமானப்படை கமாண்ட் மருத்துவமனை ஆகிய நான்கிலும் தலா 40. கொல்கத்தா கமாண்ட் மருத்துவமனையிலும் டெல்லி ராணுவ ஆர் அண்ட் ஆர் மருத்துவமனையிலும் தலா 30. தமிழ்நாட்டில் கல்லூரி இல்லை. நமக்குப் பக்கம் பெங்களூருதான்.

கட் ஆஃப் என்று ஒரு எண்ணைச் சொல்லி உங்களை ஏமாற்ற எனக்கு மனம் இல்லை. அந்த ஆண்டு விண்ணப்பித்தவர்களின் மதிப்பெண்ணைப் பொறுத்து அது ஏறும், இறங்கும். நீட் மதிப்பெண் உங்களை அடுத்த கட்டத்துக்கு அழைக்கத்தான். அதற்குப் பிறகு பொது ஆங்கிலம், பொது அறிவுத்திறன் பற்றிய கணினித் தேர்வு, உளவியல் மதிப்பீடு, நேர்காணல், மருத்துவப் பரிசோதனை என்று வரிசையாக இருக்கிறது. எம்.பி.பி.எஸ். கிடைக்காது என்று தெரிந்த மதிப்பெண்ணிலும் இங்கே அழைப்பு வருவது உண்டு. அதனால் 'இந்த மார்க்குக்கு எங்கே' என்று நீங்களே முடிவு கட்டிவிடாதீர்கள். விண்ணப்பித்துவிடுங்கள்.

6. பிளஸ் டூல கெமிஸ்ட்ரி போச்சு. துணைத் தேர்வுல பாஸ் பண்ணி, நீட்லயும் நல்ல மார்க் வெச்சிருக்கேன். முடியுமா?

முதல் வழியில் முடியாது. இயற்பியல், வேதியியல், உயிரியல், ஆங்கிலம் ஆகியவற்றோடு பிளஸ் டூவை முதல் முயற்சியிலேயே, ரெகுலர் மாணவியாக, மொத்தத்தில் 50 சதவீதத்துக்குக் குறையாமல் தேர்ச்சி பெற்றிருக்க வேண்டும் என்பது நிபந்தனை. தாவரவியல், விலங்கியல் என்று இரண்டாகப் படித்திருந்தால் அது உயிரியல் கணக்கில் சேரும். வயது ஏறக்குறைய 17 முதல் 25-க்குள் வருமாறு பிறந்த தேதி வரம்பு கொடுப்பார்கள்.

ஆனால் கதவு முழுதாக மூடிவிடவில்லை. வெளியே பி.எஸ்சி. நர்சிங் சேர்ந்து முடியுங்கள், இரண்டாவது வழி இருக்கிறது.

7. நான் தமிழ் மீடியம். இங்கிலீஷ்ல இன்டர்வியூன்னா பயமா இருக்கு மேடம்.

நீட் தேர்வைத் தமிழிலேயே எழுதலாம். அடுத்த கட்டத்தில் ஆங்கிலத் தாள் உண்டு. அது இலக்கிய ஆங்கிலம் இல்லை: பத்தியைப் படித்துப் பதில் சொல்வது, பிழை கண்டுபிடிப்பது, எதிர்ச்சொல் போன்றவை. தினமும் அரை மணி நேரம் ஆங்கில நாளிதழை வாய்விட்டுப் படித்தால் ஐந்தாறு மாதத்தில் வித்தியாசம் தெரியும். வாய்விட்டு என்பது முக்கியம். கண்ணால் படித்தவை நேர்காணல் அறையில் நாக்கில் வருவதில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நேர்காணலில் இலக்கணம் தடுமாறுவதை விட, கேள்வி புரியாமலே தலையாட்டிவிட்டு வேறு எதையோ சொல்வதுதான் கெடுக்கிறது. புரியவில்லை என்றால் மறுபடி கேளுங்கள், தப்பே இல்லை. இந்தி தெரியாதே என்ற கவலை சேர்வதற்குத் தேவையில்லை. சேர்ந்தபின் வார்டில் ஜவான்களோடு பேசிப் பேசியே வந்துவிடும்.

8. பி.எஸ்சி. நர்சிங் முடிச்சு பிரைவேட் ஆஸ்பத்திரியில ஐ.சி.யூ.வுல இருக்கேன். எப்போ அப்ளை பண்ணலாம்?

ஷார்ட் சர்வீஸ் கமிஷன் அறிவிப்பு வரும்போது. இது பள்ளிக்கூடம் திறப்பது மாதிரி மாதம் குறித்து வருவதில்லை, அதுதான் சங்கடம். 2023-24 சேர்க்கையை என்.டி.ஏ. என்கிற தேசியத் தேர்வு முகமை நடத்தியது. டிசம்பர் 11 முதல் 26 வரை விண்ணப்பம், 900 ரூபாய் கட்டணம், 2024 ஜனவரி 14 அன்று கணினித் தேர்வு. கணக்குப் போட்டுப் பாருங்கள்: விண்ணப்பம் முடிந்து மூன்று வாரத்துக்குள் தேர்வு! அறிவிப்பு வந்தபின் படிக்கலாம் என்று இருந்தால் மருந்தியலைக்கூடத் திருப்பிப் பார்த்து முடிக்க முடியாது.

தகுதி: இந்திய நர்சிங் கவுன்சில் அங்கீகரித்த கல்லூரியில் பட்டம், மாநில கவுன்சிலில் நர்ஸ் மற்றும் மிட்வைஃப் பதிவு, வயது 21 முதல் 35-க்குள். தேர்வில் நர்சிங் பாடங்கள், ஆங்கிலம், பொது அறிவுத்திறன் மூன்றும் வரும். ஐ.சி.யூ. அனுபவம் இருந்தால்தான் எடுப்பார்கள் என்றில்லை. ஆனால் நேர்காணலில் 'வென்டிலேட்டர் அலாரம் அடிக்கிறது, முதலில் என்ன பார்ப்பீர்கள்' என்று கேட்டால், இயந்திரத்தைப் பார்க்கும் முன் நோயாளியைப் பார்ப்பேன் என்று அனுபவம் உள்ளவர் யோசிக்காமல் சொல்வார். அந்த அளவில் அது உதவும்.

9. ஜி.என்.எம். டிப்ளமோ வெச்சிருக்கேன், எட்டு வருஷ அனுபவம். எடுத்துப்பாங்களா?

டிப்ளமோவோடு முடியாது. போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. முடித்துவிட்டால் தகுதி வந்துவிடும். 35 வயது வரம்பைக் கணக்கில் வைத்து இப்போதே சேருங்கள்.

10. ஆண் நர்ஸுக்கு இதுல இடமே இல்லையா? இது அநியாயம் இல்லையா?

அறிவிப்புகள் பெண்களிடமிருந்துதான் விண்ணப்பம் கேட்டுவந்திருக்கின்றன. காரணம் முதல் கேள்வியில் சொன்ன 1943-ம் ஆண்டு அவசரச் சட்டம். அதன் 6-வது பிரிவு பெண்களை மட்டுமே தகுதியுடையவர்களாகச் சொல்கிறது. 2024 ஜனவரியில் கர்நாடக உயர் நீதிமன்றம் இந்தப் பாகுபாடு அரசியலமைப்புக்கு எதிரானது என்று தீர்ப்பளித்தது. என்னைக் கேட்டால் சரியான தீர்ப்பு. படித்த பட்டம் ஒன்று, கவுன்சில் பதிவு ஒன்று, ஆனால் கதவு மட்டும் ஒருவருக்குத் திறக்கும் ஒருவருக்குத் திறக்காது என்பதற்கு இன்று நியாயம் சொல்ல முடியவில்லை.

ஆனாலும் தீர்ப்பு வேறு, அறிவிப்பு வேறு. உங்கள் ஆண்டின் அறிவிப்பில் பாலினத் தகுதி என்னவென்று இருக்கிறதோ அதன்படிதான் இணையதளம் படிவத்தை ஏற்கும்.

11. கல்யாணம் ஆயிட்டா எடுக்க மாட்டாங்களாமே? சேர்ந்தப்புறம் பண்ணாலும் வெளிய அனுப்பிடுவாங்கன்னு எங்க அத்தை சொல்றாங்களே?

இதில் பாதி உண்மை, பாதி பழைய கதை. முதல் வழியில், அதாவது ராணுவக் கல்லூரியில் சேர, திருமணமாகாதவராக இருக்க வேண்டும். விவாகரத்தானவர், சட்டப்படி பிரிந்தவர், கணவரை இழந்தவர் என்றால் குழந்தைப் பொறுப்பு இல்லாதவராக இருக்க வேண்டும். படிக்கிற நான்கு ஆண்டும் திருமணம் கூடாது. ஷார்ட் சர்வீஸ் வழியில் திருமணமானவர்களும் விண்ணப்பித்துச் சேர்ந்திருக்கிறார்கள்.

வெளியே அனுப்பிவிடுவார்கள் என்பது ஒரு காலத்தில் நிஜமாகவே நடந்தது. 1988-ல் ஓர் எம்.என்.எஸ். லெப்டினன்ட், ராணுவ அதிகாரி ஒருவரை மணந்துகொண்டதற்காகவே பணியிலிருந்து விடுவிக்கப்பட்டார். அதற்கு இடம் கொடுத்த 1977-ம் ஆண்டு விதி 1995-ல் திரும்பப் பெறப்பட்டது. அவர் விடாமல் வழக்கு நடத்தினார். 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அந்த விதி அப்பட்டமான ஆணாதிக்கம் என்று கண்டித்து, அவருக்கு 60 லட்சம் ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது. ஆக, உங்கள் அத்தை சொன்னது பொய்யில்லை. அவர் காலத்துச் செய்தி.

12. என் பேர்ல இனிஷியல் மட்டும்தான் இருக்கு. ஃபார்ம்ல சர்நேம் கேக்குது. என்ன போட?

தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்கு மட்டுமே வருகிற தலைவலி இது. தேர்வில் தோற்றவர்களை விட இதில் மாட்டித் தவித்தவர்களைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். ஓர் உதாரணம். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் 'மலர்விழி எஸ்'. ஆதாரில் 'மலர்விழி சண்முகம்'. நர்சிங் கவுன்சில் பதிவில் 'எஸ். மலர்விழி'. பான் அட்டையில் 'சண்முகம் மலர்விழி'. நமக்கு நான்கும் ஒரே பெண். சான்றிதழ் சரிபார்க்கிற வடநாட்டு அலுவலருக்கு நான்கு பேர். இனிஷியல் என்பது அப்பா பெயரின் முதலெழுத்து என்று அவருக்கு விளக்கிச் சொல்ல அந்த மேசையில் நேரம் கிடைக்காது.

பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இருப்பதையே அடிப்படையாக வைத்துக்கொள்ளுங்கள். பிறந்த தேதிக்கும் அதுதான் ஆதாரம். விண்ணப்பத்தில் அதே எழுத்து, அதே இடைவெளி, அதே வரிசை. ஆதாரை அதற்கு ஏற்ப இப்போதே திருத்திக்கொள்ளுங்கள். அறிவிப்பு வந்த வாரத்தில் இ-சேவை மையத்தில் போய் நின்றால் அது நடக்காது. திருத்தவே முடியாத வேறுபாடு இருந்தால், இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று நோட்டரி முன் உறுதிமொழிப் பத்திரம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பெயரையே மாற்றியிருந்தால் அரசிதழ் நகல் வேண்டும். அப்பா, அம்மா பெயரின் எழுத்துக்கூட்டலையும் இதே கண்ணோடு பாருங்கள். 'சண்முகம்' ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுதப்படும் என்று உங்களுக்கே தெரியும்.

13. மெடிக்கல்ல என்னவெல்லாம் பார்ப்பாங்க? ஹைட் கம்மியா இருந்தா?

ராணுவ மருத்துவமனையில் வைத்து உச்சி முதல் பாதம் வரை பார்ப்பார்கள். மார்பு எக்ஸ்ரே, வயிற்று ஸ்கேன், ரத்தம், சிறுநீர், கண், காது, பல், மகளிர் நலம் எல்லாம் உண்டு. பொதுவான உயர வரம்பு 152 செ.மீ. வடகிழக்கு மாநிலத்தவர், கூர்க்கா போன்றோருக்குத்தான் தளர்வு, நமக்கு இல்லை. உயரத்தைச் சுவரில் பென்சில் கோடு போட்டுப் பார்க்காமல், செருப்பில்லாமல், குதிகாலும் முதுகும் ஒட்டி நின்று மருத்துவமனைக் கருவியில் அளந்து பாருங்கள்.

கையை நீட்டி முழங்கையின் வளைவைப் பார்ப்பார்கள். சேர்த்து நிற்கச் சொல்லி முழங்கால் இடிக்கிறதா என்று பார்ப்பார்கள். ஈரத் தரையில் பாதம் பதித்தால் நடுவில் வளைவு தெரிகிறதா, முழுப் பாதமும் தட்டையாகப் பதிகிறதா என்று வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம். பற்களுக்குப் புள்ளிக் கணக்கு உண்டு. மொத்தம் 22-ல் குறைந்தது 14 வேண்டும். ஆகவே சொத்தைப் பல்லை 'அப்புறம் அடைக்கலாம்' என்று தள்ளாதீர்கள். காதில் அழுக்கு அடைத்திருந்தால் மருத்துவரிடம் போய் எடுத்துவிடுங்கள். ஹேர்பின் வேண்டாம், அது வேறு பிரச்சினையில் கொண்டுபோய் விடும்.

நம் பெண்களுக்கு அதிகம் இடறுவது ரத்தசோகையும் எடையும். இரண்டுமே முந்தைய நாள் பட்டினி கிடந்தோ மாதுளை ஜூஸ் குடித்தோ சரியாகிற விஷயமில்லை. விண்ணப்பம் போடுகிற அன்றே ஹீமோகுளோபின் பார்த்து, குறைவாக இருந்தால் மருத்துவர் சொல்படி மாத்திரை தொடங்கினால் மருத்துவப் பரிசோதனை வருவதற்குள் தேறிவிடலாம்.

14. கையில பச்சை குத்தியிருக்கேன், எங்க ஆச்சி பேரு. அழிச்சிடணுமா?

எங்கே குத்தியிருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. முன்கையின் உட்புறத்திலும் உள்ளங்கைக்குப் பின்புறத்திலும் சிறிதாக இருப்பதை ராணுவம் பொதுவாக அனுமதிக்கிறது. வழக்கத்தின்படி பச்சை குத்துகிற பழங்குடியினருக்குத் தனிச் சலுகை உண்டு. கழுத்தில், மேல்கையில், காலில் இருந்தால் சிக்கல். லேசரால் அழித்துத் தழும்போடு போவதற்கு முன் அறிவிப்பின் பச்சை குத்தல் பத்தியை ஒருமுறை படியுங்கள்.

15. 'அன்ஃபிட்'னு எழுதிட்டாங்க. எல்லாம் முடிஞ்சுதா?

முடியவில்லை. மேல்முறையீட்டு மருத்துவக் குழு என்று ஒன்று இருக்கிறது. எந்தக் காரணத்துக்காக நிராகரித்தார்கள், எத்தனை நாளுக்குள் எந்த மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்பதை எழுத்தில் தருவார்கள். அந்தத் தாளை வாங்காமல் அழுதுகொண்டே ரயில் ஏறிவிடாதீர்கள். காதழுக்கு, எடை, பல், ரத்தசோகை போன்ற சரிசெய்யக்கூடிய காரணங்களுக்கு மேல்முறையீடு பயன் தரும். உயரத்துக்கு மேல்முறையீடு செய்வது பயணச் செலவுதான்.

16. எஸ்.எஸ்.பி. மாதிரி அஞ்சு நாள் டெஸ்ட், ஓட்டம், கயிறு ஏறுறது எல்லாம் இருக்கா?

இல்லை. எம்.என்.எஸ். தேர்வில் எஸ்.எஸ்.பி., அதாவது மற்ற ராணுவ அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்க நடத்துகிற அந்தப் பல நாள் தேர்வு, கிடையாது. கணினித் தேர்வு, நேர்காணல், மருத்துவப் பரிசோதனை. கல்லூரி வழிக்கு 5-ல் சொன்ன உளவியல் மதிப்பீடும். யூடியூபில் எஸ்.எஸ்.பி. பயிற்சி வகுப்பு விற்கிறவர்களிடம் இதற்காகப் பணம் கட்டாதீர்கள்.

17. சம்பளம் எவ்வளவு? ஆர்மி ஆபீசருக்கு இருக்கிற அதே சம்பளமா?

லெப்டினன்டுக்கு அடிப்படைச் சம்பளம் 56,100 ரூபாயில் தொடங்குகிறது. இதோடு ராணுவப் பணிக்கான சிறப்பு ஊதியம் 10,800 ரூபாய், அகவிலைப்படி, மற்ற படிகள். குடியிருப்பு, ராணுவ கேன்டீன், குடும்பத்துக்கு மருத்துவ வசதி எல்லாம் தனி. ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமென்றால், எய்ம்ஸ் நர்சிங் ஆபீசரின் அடிப்படை 44,900.

அதேதானா என்றால், இல்லை. மற்ற ராணுவ அதிகாரிகளுக்கு அந்தச் சிறப்பு ஊதியம் 15,500. எம்.என்.எஸ்.ஸுக்குத் தனி ஊதிய அட்டவணை. பதவி ஏற ஏற இடைவெளி கூடும். நீதிமன்றம் வரை போன பழைய மனக்குறை இது. லெப்டினன்ட் என்ற பெயரை மட்டும் பார்த்து எல்லாமே சமம் என்று நினைத்துச் சேர்ந்தால் பிறகு கசக்கும். தெரிந்துகொண்டு சேருங்கள்.

18. காலேஜ்ல ஃப்ரீயா படிக்க வெச்சுட்டு பாண்ட் எழுதி வாங்குறாங்களாமே? பாதியில விட்டா?

ஆமாம். படிப்புக் காலத்தில் சாப்பாடு, தங்குமிடம், சீருடைப் படி, மாத உதவித்தொகை கிடைக்கும். அதற்கு ஈடாக, முடித்தபின் எம்.என்.எஸ்.ஸில் பணியாற்றுவேன் என்று ஒப்பந்தம் எழுதிக் கொடுக்க வேண்டும். பாதியில் விட்டாலோ கமிஷனை மறுத்தாலோ செலவுத் தொகையைக் கட்ட வேண்டியிருக்கும். தொகையும் ஆண்டும் அந்தந்த ஆண்டு ஒப்பந்தத்தில் இருக்கும்.

கையெழுத்துப் போடப் போகிறவர் உங்கள் அப்பாவும்தான். அவர் படித்துப் புரிந்துகொண்டாரா என்று பாருங்கள். ஆங்கிலம் தெரியாதவர் என்றால் வரிக்கு வரி தமிழில் சொல்லுங்கள். மூன்றாம் ஆண்டில் நல்ல மாப்பிள்ளை வந்துவிட்டார் என்று வீட்டில் பேச்சு எழும்போது, இந்தத் தாளில் என்ன இருக்கிறது என்பது எல்லோருக்கும் நினைவிருக்க வேண்டும்.

19. ஷார்ட் சர்வீஸ்னா எத்தனை வருஷம்? அப்புறம் நடுத்தெருவுலயா?

முதலில் ஐந்து ஆண்டு, பிறகு தகுதியைப் பொறுத்து நீட்டிப்பு. பணியில் இருக்கும்போதே நிரந்தர கமிஷனுக்குத் தேர்வு பெறவும் வாய்ப்பு உண்டு. எல்லோருக்கும் கிடைக்கும் என்று எண்ணிவிட வேண்டாம். மாத ஓய்வூதியத்துக்கு அதிகாரிகள் 20 ஆண்டு பணி முடித்திருக்க வேண்டும். ஐந்திலோ பத்திலோ வெளியே வந்தால் பணிக்கொடை கிடைக்கும், மாதாமாதம் பென்ஷன் வராது.

நடுத்தெரு என்ற பயம் நர்சுக்குப் பொருந்தாது. ராணுவ மருத்துவமனையில் வார்டையே நிர்வகித்தவருக்கு வெளியே வேலை தேடிவரும். வயதுதான் யோசிக்க வேண்டியது: 34-ல் சேர்ந்து 39-ல் வெளியே வந்தால் பல அரசுத் தேர்வுகளின் வயது வரம்பு தாண்டியிருக்கும். முன்னாள் படைவீரர் சலுகை எம்.என்.எஸ்.ஸுக்குப் பொருந்தும் என்று பஞ்சாப் அரசுப் பணி வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. தமிழ்நாட்டு அரசுப் பணிக்கு முயல்பவர்கள் இங்குள்ள விதியில் 'முன்னாள் படைவீரர்' என்ற சொல்லுக்கு என்ன வரையறை இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

20. போஸ்டிங் சென்னையிலயே வாங்க முடியுமா? எங்க அம்மா தனியா இருக்காங்க.

பரங்கிமலையில் ராணுவ மருத்துவமனை இருக்கிறது, நீலகிரி வெலிங்டனில் ஒன்று இருக்கிறது. அங்கே போஸ்டிங் வரலாம். வந்தாலும் சில ஆண்டில் மாறும். தரைப்படை, கடற்படை, விமானப்படை என மூன்றின் மருத்துவமனைகளுக்கும் அனுப்புவார்கள். இன்று விசாகப்பட்டினம், நாளை ஜம்மு. விருப்பம் கேட்கலாம், உரிமையாகக் கேட்க முடியாது.

இந்தப் பக்கத்திலேயே ஒரே ஒரு பதிலைத்தான் நிதானமாக யோசியுங்கள் என்று சொல்வேன் என்றால், அது இதுதான். படிப்பு, சம்பளம், மருத்துவம் எல்லாவற்றையும் தாண்டி வந்தவர்கள்கூட விலகுவது இடமாற்றத்தினால்தான். அம்மாவைக் கூடவே அழைத்துப்போக முடியுமா, அவருக்கு அது ஒத்துவருமா என்று விண்ணப்பிக்கும் முன்பே அவரிடமே கேட்டுவிடுங்கள்.

21. போர் வந்தா எல்லைக்கு அனுப்புவாங்களா?

துப்பாக்கி ஏந்திப் போரிட அனுப்ப மாட்டார்கள். காயம்பட்டவர்கள் வருகிற மருத்துவமனைகளில் பணி இருக்கும். அவற்றில் சில எல்லையை ஒட்டிய மாநிலங்களில் இருக்கின்றன. மருத்துவப் பணியாளர்களைத் தாக்கக் கூடாது என்பது ஜெனீவா ஒப்பந்தங்களின் விதி. ஐ.நா. அமைதிப்படையின் பகுதியாகக் காங்கோ, தெற்கு சூடான் போன்ற நாடுகளில் இந்தியா நடத்துகிற மருத்துவமனைகளுக்கும் எம்.என்.எஸ். அதிகாரிகள் போயிருக்கிறார்கள், அந்த வாய்ப்புக்குப் போட்டியே உண்டு.

22. எம்.ஆர்.பி.ல நிரந்தர நர்ஸா இருக்கேன். விட்டுட்டு இதுக்கு வரலாமா?

எம்.ஆர்.பி. (தமிழ்நாடு மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம்) வழியாக அரசு வேலையில் இருப்பவர் விண்ணப்பிக்கத் தடையில்லாச் சான்று வேண்டும். அதை மேலதிகாரியிடம் முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள். நம் அலுவலகங்களில் அந்தக் கோப்பு நகர்கிற வேகம் தெரிந்ததுதானே. விட்டுவிட்டு வரலாமா என்றால், நிரந்தர அரசு வேலையில் இருந்து ஷார்ட் சர்வீஸுக்கு வர 19, 20 இரண்டு பதில்களையும் படித்த பிறகும் மனம் துடித்தால் மட்டும் வாருங்கள். 25 வயதில் இருப்பவருக்கும் 33 வயதில் இருப்பவருக்கும் நான் ஒரே பதில் சொல்ல மாட்டேன்.

23. ஒருத்தர் தெரிஞ்சவர் டெல்லியில இருக்காராம். அஞ்சு லட்சம் கொடுத்தா இன்டர்வியூல பார்த்துக்குவாராம்.

கொடுக்காதீர்கள். இந்த ஆட்களின் கணக்கு எளிது: பத்து பேரிடம் வாங்குவார்கள், தானாகவே தேர்வாகிற இரண்டு பேரின் பணத்தை வைத்துக்கொள்வார்கள், மீதி எட்டுப் பேருக்கு 'அடுத்த முறை பார்ப்போம்'. சேரும் முன் உங்கள் பின்னணியைப் போலீஸ் மூலம் சரிபார்ப்பார்கள் என்பதையும் யோசியுங்கள். ஒரிஜினல் சான்றிதழை யாராவது கேட்டால் அன்றோடு அந்த எண்ணைத் தடுத்துவிடுங்கள்.

24. ஃபைனல் இயர் எக்ஸாம் எழுதிட்டேன், ரிசல்ட் வரல. கவுன்சில் பதிவும் இல்ல. நோட்டிஃபிகேஷன் இப்போ வந்தா?

ஷார்ட் சர்வீஸ் வழியில் பதிவு எண் தகுதியின் ஒரு பகுதி, பிறகு கொடுக்கிற துணை ஆவணமில்லை. 'விண்ணப்பித்துவிட்டேன், ரசீது இருக்கிறது' என்பது செல்லாது. தகுதிக்கான கடைசித் தேதி என்று அறிவிப்பில் ஒரு நாள் குறித்திருப்பார்கள். அந்த நாளில் உங்களிடம் பட்டமும் பதிவும் இருக்க வேண்டும். இல்லையென்றால் 900 ரூபாயை அடுத்த அறிவிப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ரிசல்ட் வந்த வாரமே தமிழ்நாடு நர்சிங் கவுன்சிலில் பதிவுக்கு விண்ணப்பித்துவிடுங்கள். வேறு மாநிலத்தில் படித்தவர்கள் அங்கேயே முதலில் பதிவு செய்துவிட்டு வாருங்கள். படிவம் நிரப்பும்போது 12-வது பதிலைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கவுன்சில் அட்டையில் ஏறுகிற பெயர்தான் பிறகு எல்லா இடத்துக்கும் உங்களோடு வரும்.